ஐஸ் விழும் சத்தம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் வெட்கம்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவில் ஐஸ் கொட்டும் வாய் ஒன்று உண்டு. டம்ளரை வைத்து உள்ளே இருக்கும் நாக்கை அழுத்தினால் கடகடவென்று ஐஸ் துண்டுகள் விழ வேண்டும். போன செவ்வாய்க்கிழமை அழுத்தினேன், விழவில்லை. மெக்கானிக் அண்ணனுக்கு ஃபோன் போட்டேன்.

"திங்கக்கிழமைதான் சார் வர முடியும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணுமே அண்ணே."

"ஐஸுக்கு என்ன சார் அப்படி அவசரம்?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "ஒரு கதை எழுதறேன் அண்ணே. அதுல ஒருத்தர் இதை ரிப்பேர் பண்றார். நானே பண்ணிப் பார்த்தாத்தான் எழுத வரும்," என்றேன்.

மனிதர் நம்பிவிட்டார். "அப்ப முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க சார்," என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பாடம் எடுத்தார். இவ்வளவு மெனக்கெட்டவரிடம் புளுகிவிட்டோமே என்ற உறுத்தலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

"பனிக்கட்டி என்பது காலம் உறைந்து (இல்லை. இதை முடித்தால் நானே என்னை மன்னிக்க மாட்டேன்.)

"அவர் திருப்புளியைக் கையில் எடுத்தார். மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

இந்த இரண்டாவதில் விறுவிறுவென்று மூன்று பக்கம் போய்விட்டேன். மனைவியை இழந்தவனிடம் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அவன் என்ன செய்தான், என்ன செய்யாமல் விட்டான் என்று தோண்டுவதில்லை. ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவன் அழுதால் வாசகரும் கூடச் சேர்ந்து அழுவார். எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

அப்போது என் மனைவி ஃபோன் செய்தாள்.

(ஆமாம், நன்றாகத்தான் இருக்கிறாள். ஒரு பல் மருத்துவமனையில் டாக்டருக்குக் கூடமாட உதவி செய்யும் வேலை. ஒன்பது மாதத்துக்கு முன் வேறு ஊரில் புதுக் கிளை திறந்தார்கள். "மாத்திட்டாங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டோம். அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டது எனக்குத் தெரியும். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.)

"என்ன பண்ற?"

"எழுதிட்டிருக்கேன்."

"நான் இருக்கேனா அதுல?"

"இருக்க."

"உயிரோடவா? உன் கதையில பொம்பளைங்க மூணாம் பக்கத்தைத் தாண்டறதே இல்லையே."

மூன்றாம் பக்கத்தைச் சத்தமில்லாமல் நான்காக மடித்தேன்.

"ஞாயித்துக்கிழமை காலையில வரேன்னு சொன்னேன்ல," என்றாள். குரல் மாறியிருந்தது. "அந்த வீட்டை வச்சுக்கறதா, காலி பண்றதான்னு பேசி முடிச்சிடலாம். இங்க எனக்கு ஒரு வீடு பார்த்து வச்சிருக்காங்க. திங்கக்கிழமை நான் பதில் சொல்லியாகணும்."

சரி என்றேன். வைத்துவிட்டாள்.

3

நடுவில் கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுதுவது சமையலறை மேசையில். ஃபிரிட்ஜ் அதற்கு நேர் எதிரே நிற்கிறது. மாலை ஆறு மணிக்கு அவள் வேலையிலிருந்து வருவாள். தோளில் தொங்கும் பையைக்கூட இறக்காமல் எவர்சில்வர் டம்ளரை அந்த வாயில் வைத்து அழுத்துவாள். கடகடவென்று விழும். நின்றபடியே ஒவ்வொன்றாகக் கடித்துத் தின்பாள்.* நான் வைத்த பெயர் ஐஸ்காரி.

(* பல் டாக்டரிடம் வேலை பார்த்துக்கொண்டு ஐஸ் கடிப்பவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். கேட்டால், "நாள் பூரா அடுத்தவங்க வாயைப் பார்க்கறேன், ஒரு நிமிஷம் என் வாய்க்கு விடு" என்பாள்.)

ஒரு நாள் மாலை ஒரு பத்தி சரியாக வரவில்லை. பேனாவை மேசையில் எறிந்து, "இந்தச் சத்தத்துல எனக்கு எழுத வராது" என்றேன். அவள் டம்ளரும் கையுமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். மறுநாளிலிருந்து சத்தம் இல்லை. அவள் ஐஸ் தின்பதை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். [திருத்தம்: நினைக்கக்கூட இல்லை. நிம்மதியாக எழுதினேன்.]

அதற்கு ஐந்து மாதம் கழித்து ஊரை விட்டுப் போனாள். இப்போது ஆறு மணியானால் என் தலை தானாக நிமிர்கிறது. எனக்கு அந்தச் சத்தம் வேண்டும். சுற்றி வளைப்பானேன், எனக்கு அவள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து டம்ளரை வைத்தால் ஐஸ் விழ வேண்டும். அது விழாத வீட்டில் "இருந்துடு" என்று எந்த வாயால் கேட்பேன்?

4

ரிப்பேர். கதையில் வரும் "அவர்" பிளக்கைப் பிடுங்கி, ஐஸ் பெட்டியை லாவகமாக உருவி, ஐந்தே நிமிடத்தில் பழுதைக் கண்டுபிடிக்கிறார். எனக்கு இந்த ஆள் மேல் நம்பிக்கை இல்லை. ஆகவே இனி நான்.

பெட்டியை உருவ எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்பது மாதமாக யாரும் தொடாத ஐஸ் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாறையாகக் கிடந்தது. வெந்நீரை ஊற்றிக் கரைத்தேன். ஐஸைத் தள்ளிவிடும் சுருள் கம்பியைக் கையால் சுற்றிப் பார்த்தேன், சுற்றியது. ஐஸ் இறங்கும் குழாயைத் துடைத்தேன். நாக்குக்குப் பின்னால் இருக்கும் குட்டி ஸ்விட்சை அழுத்தினேன், டிக் என்றது. கழற்றி வைத்த திருகாணி ஒன்று ஃபிரிட்ஜுக்கு அடியில் உருண்டுவிட, தரையோடு தரையாகப் படுத்துத் துடைப்பக் குச்சியால் துழாவினேன். அங்கே அவளுடைய ஹேர்பின் ஒன்றும் கிடைத்தது. (இதை வைத்து ஒரு பத்தி எழுதலாம். வேண்டாம். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.)

மறுபடி பிளக்கைச் சொருகி, புது ஐஸ் சேர ஒரு நாள் காத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் டம்ளரை வைத்து அழுத்தினேன். ஒரு துண்டுகூட விழவில்லை. மெக்கானிக் அண்ணனை மறுபடி பிடித்தேன்.

"எல்லாம் சரியா இருக்குன்னா, லாக் போட்டிருக்கா பாருங்க சார்."

"லாக்கா?"

"சின்னப் பசங்க இருக்கற வீட்ல போட்டு வைப்பாங்க. வாய்க்கு மேல ஓரத்துல ஒரு பட்டன் இருக்கும். மூணு செகண்ட் அழுத்திப் பிடிச்சா பூட்டிக்கும், இன்னொரு தடவை அழுத்தினா திறந்துக்கும். பூட்டியிருந்தா பக்கத்துல செவப்பு லைட் எரியும். எரியுதா?"

"லைட்டே இல்லையே அண்ணே. அந்த இடத்துல ஒரு கறுப்பு டேப்தான்

அந்த வாக்கியம் அப்படியே நின்றது. கதைக்காக நான் நிறுத்தவில்லை. அன்றும் அங்கேதான் நின்றது.

5

டேப்பை ஒட்டியது நான்.

சத்தம் நின்ற மறுநாள், எழுதும்போது கண்ணோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி உறுத்திக்கொண்டே இருந்தது. எழுந்து போய் ஒரு துண்டு டேப்பைக் கிழித்து அதன் மேல் ஒட்டினேன். அது என்ன விளக்கு, ஏன் திடீரென்று எரிகிறது என்று கேட்கவில்லை. அவள் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் ஐஸை விடவே இல்லை. எனக்குச் சத்தம் ஆகாது என்று வாயைப் பூட்டிவிட்டு, கதவைத் திறந்து கையால் எடுத்திருக்கிறாள். அந்த மாதங்களில் டீயை நீட்டும்போது அவள் விரல் பட்டால் சில்லென்று இருக்கும். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பெண்களின் விரல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியவன் நான்.

டேப்பைப் பிய்த்தேன். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. பட்டனை மூன்று நொடி அழுத்தினேன், அணைந்தது. டம்ளர் வைக்க மறந்து நாக்கை அழுத்திவிட்டேன். ஐஸ் என் கால்மேல் விழுந்து தரையெல்லாம் ஓடியது. அத்தனையும் கரைந்து தண்ணீராகும்வரை அதன் நடுவிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து, பட்டனை மறுபடி மூன்று நொடி அழுத்திப் பூட்டினேன்.

6

கைவசம் உள்ள முடிவுகள்.

அவள் வருகிறாள், சிவப்பு விளக்கைப் பார்க்கிறாள், "கண்டுபிடிச்சிட்டியா?" என்று சிரிக்கிறாள். (எனக்கு இதுதான் வேண்டும். அதனாலேயே இதை நம்ப முடியவில்லை.)

அவள் ஃபிரிட்ஜ் பக்கமே திரும்பவில்லை. குடத்துத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "அட்டைப் பெட்டி ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறாள். (நடக்கக்கூடியது.)

வாசலிலேயே நான் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்த இரண்டு பக்கமும் நானே பேசுகிறேன், அவள் டம்ளரும் கையுமாக நிற்கிறாள். இரண்டு பக்கத்தையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை. டேப் இருந்த இடத்துப் பிசுக்கை எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன். அவள் டம்ளர் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. பெட்டி நிறைய ஐஸ் இருக்கிறது. விளக்கு எரிகிறது. பூட்டியவள் அவள், திறப்பதா வேண்டாமா என்பது அவள் பாடு. ஒட்டியவன் நான், பிய்த்தாயிற்று.

அழைப்பு மணி அடிக்கிறது.

நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். முடிவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் அந்தப் பட்டனை மூன்று நொடி அழுத்துவாளா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. அழுத்தினால் உங்களுக்குக் கேட்கும். அதற்கு மேல் இதில் ஒரு வரிகூட என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு எழுத வராது.