திரும்பி வரும் டிக்கெட்

“போறப்ப மூணு டிக்கெட். வர்றப்ப நாலு” என்றான் இனியவன்.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த டிராவல்ஸில், மேசை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு சொன்னான். ஐந்து வயது. பெரியவர்கள் எண்ணிக்கையைத் தப்பாகச் சொல்லிவிடுவார்களோ என்ற கவலை அவனுக்கு. அதுவரை டிக்கெட் போடும் பிரபாவதி எங்களைச் சிரிக்கவைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். போன குழுவில் ஒருத்தர் ஒரு பை நிறைய மல்லாட்டை தூக்கிக்கினு வந்தார், ஏர்போர்ட் ஆபீசருக்கே உரிச்சுக் குடுத்தார், நீங்க அந்த மாதிரி பண்ணிடாதீங்க சார் என்று. இப்போது கீபோர்டில் அவருடைய விரல்கள் நின்றன. என்னைப் பார்த்தார். என் மனைவி மலர்விழி இறந்தது அவருக்குத் தெரியும். முதன்முதலில் இங்கே வந்து சிங்கப்பூர் டூர் பற்றி விசாரித்தவளே மலர்விழிதான். சாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு வந்தவர்களில் பிரபாவதியும் ஒருவர்.

“அம்மாவுக்கு அவங்க ஆபீஸ்லயே டிக்கெட் குடுப்பாங்கடா” என்றாள் சங்கவி. அவளுக்கு எட்டு வயது. அவளுக்கும் எல்லாம் தெரியும்.

“அப்ப பக்கத்து பக்கத்துல சீட்டு கிடைக்காது.”

நான் ஏதாவது சொல்வேன் என்று பிரபாவதி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குனிந்து, “கிடைக்கும் கண்ணு. ஆன்ட்டி சொல்லி வெக்கிறேன்” என்றார்.

இப்படித்தான் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்து அது இவ்வளவு பெரிதாகியிருந்தது.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலிருந்து மலர்விழியைக் கொண்டுவந்த அன்று எங்கள் விழுப்புரம் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தைகளைப் பிணத்தருகே விடமாட்டார்கள். பயந்துவிடும், காய்ச்சல் வரும் என்பார்கள். சங்கவி விவரம் தெரிந்தவள் என்று இருக்கவிட்டார்கள். இனியவனை என் மைத்துனன் சீனுவாசன் பைக்கில் வைத்துத் திண்டிவனத்தில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். வழியில் பையன் அம்மாவைக் கேட்டிருக்கிறான். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் சிங்கப்பூர்ப் பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அம்மா முன்னாடி போயிட்டாங்கடா, நீங்க அப்புறம் போவீங்க என்று சீனு சொல்லிவிட்டான். பையன் அதற்குமேல் அழவில்லை. அன்று அது எல்லோருக்கும் ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிறவரை கடல் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். சரி என்றேன். அதற்குள் பையன் மறந்துவிடுவான் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரம்மா, அம்மாவுக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது என்றார். பள்ளி ஆசிரியை, லீவு தரமாட்டேன் என்கிறார்களாம் என்றார். பையன் கண்ணில் படக்கூடாது என்று, மாலை போட்ட அவள் படம் சீனு வீட்டில் இருக்கிறது. ஏன் போன் வருவதில்லை, எந்த வீட்டில் இருக்கிறாள், யார் சமைக்கிறார்கள் என்று இனியவன் கேட்கக் கேட்க சங்கவிதான் பதில் சொன்னாள். பன்னிரண்டாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும், மழை பெய்தால் நெட்வொர்க் போய்விடும். அவள் எதையும் மாற்றிச் சொல்வதில்லை. நான் ஒருநாள் பத்தாவது மாடி என்றேன். திருத்தினாள். இனியவனுக்கு முதல் பல் விழுந்தபோது தூக்கிப் போட விடவில்லை. அம்மாவிடம் காட்ட வேண்டும் என்று ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறான்.

வருஷம் திரும்பியது. அவனுக்குத் தெரியாமல் படையல் போட்டு முடித்த வாரமே எப்போது போகிறோம் என்று கேட்க ஆரம்பித்தான். நானும் உட்கார்ந்து திட்டம் போட்டேன். எந்த நாள் மீன் காட்சிச்சாலை, எந்த நாள் மிருகக்காட்சிசாலை, காய்ச்சல் மருந்து எந்தப் பையில், தயிர்சாதம் எங்கே கிடைக்கும், விமானம் ஏறும்போது காது அடைத்தால் வாயில் போட என்ன மிட்டாய். இரவில் அதைச் செய்யும்போது அடுத்து என்ன என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மற்ற நேரங்களில் தெரிவதில்லை. போய் இறங்கிய பிறகு அவன் யாரைத் தேடுவான் என்ற இடத்துக்கு மட்டும் நான் வரவேயில்லை.

வேர்க்கடலை மண்டியில் வேலை முடித்து சீனு வந்தான். சட்டையெல்லாம் மல்லாட்டைத் தூசி.

“என்ன மாமா, ஆயிடுச்சா?”

“பேரெல்லாம் அடிச்சிட்டாங்க. திங்கக்கெழம டிக்கெட் போட்டுடறாங்களாம்.”

“சூப்பரு. டேய் மாப்ள, மாமாவுக்கு என்னடா எடுத்துக்கினு வருவ?”

“அம்மாவ” என்றான் இனியவன்.

சீனுவின் சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிள்ளைகளுக்கு ஜூஸ் வாங்கிக் கொடுத்துக் கடை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னோடு நடந்தான்.

“அங்க போயி அவன் தேடுவான், சீனு.”

“தேட மாட்டான் மாமா. இத்தாம் பெரிய மீனப் பாத்தா நாமளே எல்லாத்தயும் மறந்துடுவோம். சின்னப் பையன்.”

“அவன் எதயும் மறக்கறதில்ல.”

“அன்னிக்கு நான் வேற என்னா சொல்றது? பைக் டேங்க் மேல உக்காந்துக்கினு திரும்பித் திரும்பிப் பாக்கறான். பேஜாரா பூடுச்சி.” காலால் ஒரு கல்லைத் தள்ளினான். “அக்கா போறேன் போறேன்னு சொன்ன எடம் அது ஒண்ணுதான் மாமா. அதான் வாயில வந்துச்சு.”

நான் அவன் தோளில் கை வைத்தேன். தூசி ஒட்டிக்கொண்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினோம்.

பிளாட்பாரத்தில் சரக்கு ரயில் ஒன்று நின்றிருந்தது. இனியவன் கொஞ்சம் தள்ளி நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். சங்கவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, அங்கயும் அம்மா இல்லன்னா அவன் கேப்பான். அடுத்து எந்த ஊருன்னு சொல்லலாம்?”

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

“நான் யோசிச்சு வெச்சிருக்கேன். துபாய். எங்க கிளாஸ்ல வல்லரசோட அப்பா துபாய்லதான் இருக்காரு. அவரு வர்றதே இல்ல.”

விளையாட்டாகச் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தை முன்கூட்டியே முடித்துவிட்ட பிள்ளையின் குரல். அம்மா போன பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இனியவன் எப்போதும் பக்கத்தில் இருந்தான். அவளுக்கு அழ இடமே இருந்திருக்காது.

பாசஞ்சரில் கூட்டம் இல்லை. பேரணி ஸ்டேஷன் போனது. விக்கிரவாண்டி போனது. இனியவனிடம் சொல்வதை ஒவ்வொரு ஊராகத் தள்ளிப்போட்டேன். முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றது. தூக்குச்சட்டியும் போர்வையுமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கினார்கள். இனியவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்களைப் பார்த்தான்.

“இனியா. அம்மா சிங்கப்பூர்ல இல்லடா.”

“வேற ஊருக்குப் போயிட்டாங்களா?”

சங்கவி சட்டென்று வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“இல்ல. அம்மா செத்துட்டாங்க. இந்த ஊர் ஆஸ்பத்திரியில.”

“எப்ப?”

“நீ சீனு மாமா வண்டியில போனியே. அன்னிக்கு.”

அவன் அதை யோசித்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெளியே ஒரு பெண் இறங்கிய பிறகு வண்டியில் விட்டுவிட்ட தூக்குச்சட்டிக்காகத் திரும்பி ஓடிவந்தாள், எடுத்துக்கொண்டு போனாள். அவன் அதையும் முழுவதும் பார்த்தான். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினான்.

“நீதான சொன்ன. பன்னெண்டாவது மாடின்னு.”

அவள் தலையை ஆட்டினாள்.

“கப்பல் தெரியும்னு சொன்ன.”

அடித்தான். முதலில் தோளில், பிறகு எங்கே படுகிறது என்று பார்க்காமல் இரண்டு கைகளாலும். எதிர் இருக்கையில் இருந்தவர், தம்பி, தம்பி என்றார். நான் எழுந்திருக்க நினைத்தேன். சங்கவி கையை உயர்த்தித் தடுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். மடக்கி என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். வண்டி ஒருமுறை குலுங்கி நகர்ந்தது. அவள் மறுபடியும் தம்பியின் பக்கம் திரும்பி, அவன் கைக்கு எட்டும்படி இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.