மூன்றாம் வட்டத்தில் இரண்டு நாற்காலிகள்

லியோனா துலிக்கின் வீட்டு போன் ஊருக்குப் பொது. தெருவிளக்கு எரியவில்லை, பனி அள்ளும் வண்டி வரவில்லை, எதிர்வீட்டு நாய் வாயை மூடமாட்டேன் என்கிறது, எல்லாம் அவளிடம்தான் வரும். ஆஷ்பர்க் மூன்றாம் வட்டத்தில் கழுதைச் சின்னக் கட்சிக்குப் பொறுப்பாளர் அவள். சம்பளம் கிடையாது. கூப்பிட ஆள் உண்டு, அவ்வளவுதான். மற்றபடி அவளை யாரும் கூப்பிடுவதில்லை.

அந்தப் பொறுப்புக்குத்தான் இப்போது ஆபத்து. பென்சில்வேனியா எந்தப் பக்கம் சாயும் என்று நாடே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த தேர்தல் அது. மூன்றாம் வட்டம் ஏற்கெனவே இரண்டு முறை எதிர்க்கட்சியான யானைப் பக்கம் சாய்ந்திருந்தது.

"இந்தத் தடவையும் வட்டம் போச்சுன்னா வேற ஆளைப் போட்டுருவேன், லியோனா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மாவட்டத் தலைவர் கெவின் ஸ்ட்ராட். வேறெப்படி எடுத்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரில் வட்டத்துக்கு வண்ணம் பூசிக் காட்டினார். சுரங்கம் மூடியும் ஊரைவிட்டுப் போகாத ஸ்லோவாக் குடும்பங்கள் சிவப்பு. அவர்கள் யானைக்குப் போய்விட்டார்கள். நியூயார்க் வாடகை கட்டுப்படியாகாமல் வந்து குடியேறிய டொமினிக்கன் குடும்பங்கள் நீலம். அவர்கள் நம்மவர்கள்.

"நோட்டீஸ் நீலத்துக்கு மட்டும். சிவப்புக்குக் கொடுக்கிறது குப்பையில போடுறதுக்குச் சமம்."

லியோனாவும் ஸ்லோவாக்தான். அவளைக் கம்ப்யூட்டர் என்ன வண்ணத்தில் வைத்திருக்கிறது என்று கேட்க நினைத்தாள். நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தேர்தல் நாளன்று தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் வாக்குச்சாவடி. வாசலில், பிரச்சாரம் செய்பவர்கள் தாண்டக் கூடாத சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு வெளியே இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒன்றில் லியோனா. மற்றதில் யானைக் கட்சிப் பொறுப்பாளர் புட்ச் யுர்கானின். குழாய் வேலைக்காரன், அவளுடைய பள்ளித் தோழன். அவன் கட்சி ஆபீஸிலும் இதே வண்ணப்படம் காட்டியிருந்தார்கள். அவன் நோட்டீஸ் ஸ்லோவாக்குகளுக்கு மட்டும்.

"என்ன லியோனா, உன் ஆளுங்களுக்கு இன்னும் விடியலையா?"

"உன் ஆளுங்க நாற்காலியிலிருந்து எழுந்திரிக்கவே ரெண்டு பேர் கை கொடுக்கணும். நீ பேசாத."

டொமினிக்கன் முடிதிருத்தும் கடைக்காரர் வில்ஃப்ரெடோ அல்மோந்தே வந்தார். லியோனாவை 'தோன்யா', அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார். லியோனா பல்லெல்லாம் தெரிய நோட்டீஸை நீட்டினாள்.

"தோன்யா லியோனா, மனசு நோகாதீங்க. நாலு நாற்காலி போட்டுக் கடை நடத்துறேன். வரி கட்டியே தேயறேன். நான் யானை."

"உங்க வீட்டுக்காரம்மா?"

"அவ என்னைவிடப் பெரிய யானை."

புட்சுக்குச் சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது. அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. பின்னாலேயே மில்ட்ரெட் பாபிஷ் கிழவி நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் கணக்கில் செக்கச்சிவப்பு. புட்ச் எழுந்து நின்று நோட்டீஸ் கொடுத்தான்.

"அந்தப் பக்கம் வைடா. உங்காளு என் இன்சுலின் விலையைப் பத்தி டிவியில பேசினதைக் கேட்டேன். ஒரு தடவை ஏமாந்தது போதும்." கிழவி லியோனா பக்கம் திரும்பினாள். "நீ ஏண்டி எனக்குக் கொடுக்கல? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். லியோனாவும் புட்சும் குனிந்து அவரவர் நோட்டீஸ் கட்டை அடுக்கினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சாப்பிடப் போனால் மற்றவர் இரண்டு கட்சி நோட்டீஸையும் கொடுக்க வேண்டும். இதில் யாரும் ஏமாற்றியதில்லை. எதிர்க்கட்சி நோட்டீஸைக் குப்பையில் போட்டவனை ஊரில் ஒரு வீட்டுக் குழாயையும் தொடவிடமாட்டார்கள்.

லியோனா கீழே சர்ச் சமையலறைக்குப் போனாள். பியரோகி வெந்துகொண்டிருந்தது. ஸ்லோவாக் சர்ச்சின் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை. ஓரம் மடித்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் டொமினிக்கன் பெண்கள். வெண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டு மேலே வந்தாள். காலையெல்லாம் குறையாத அவளுடைய நோட்டீஸ் கட்டு பாதியாகியிருந்தது.

"யாருக்குடா கொடுத்தே?"

"வந்தவங்க எல்லாருக்கும்."

"ஆளைப் பார்த்துக் கொடுக்கணும்னு உனக்குச் சொல்லலையா?"

"அது என் நோட்டீஸுக்கு. உன்னுதை யாருக்குக் கொடுக்கக் கூடாதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

லியோனா நாற்காலியில் உட்கார்ந்தாள். வட்டம் போனால் பொறுப்பு போகும். பொறுப்பு போனால் போன் ஊமையாகிவிடும். ஆனால் தன் கையில் குறையாத கட்டு அவன் கையில் குறைகிறது. மீதிக் கட்டை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"இதை நீயே வச்சுக்க. உன்னுதைக் கொண்டா."

"நான் ஜெயிச்சுட்டா?"

"பார்த்துக்கலாம். கொண்டாடா."

சாயங்காலம் வரை கூத்துதான். "இது யானை. நான் கழுதை. கழுதை வேணும்னா அந்த யானைகிட்ட வாங்கிக்குங்க" என்று லியோனா கூவினாள். சனம் சிரித்தது, நின்றது, இரண்டையும் வாங்கியது, வாசலிலேயே சண்டை போட்டது. யாரும் யாருடைய வண்ணத்தையும் பார்க்கவில்லை.

எட்டு மணிக்குச் சாவடி மூடியதும் அவள் நேரே வீட்டுக்குப் போய்விட்டாள். எண்ணிக்கைச் சீட்டைக் கதவில் ஒட்டுவார்கள். அதைப் பார்க்கும் துணிச்சல் காலையில்தான் வந்தது. புட்ச் முன்னமே அங்கே நின்றிருந்தான்.

"பதினோரு ஓட்டு வித்தியாசம்."

"யாருக்கு?"

"கண்ணாடியைப் போட்டுப் பாரு. உனக்குத்தான், சனியனே."

மாநிலம் யாருக்கு என்று அப்போதும் தெரியவில்லை. எண்ணிக்கொண்டே இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் போன் அடித்தது. கெவின் ஸ்ட்ராட்.

"பார்த்தீங்களா லியோனா! கலர் போட்டது வேலை செஞ்சிருச்சு!"

"ஆமா கெவின். நீங்க சொன்னபடி சிவப்பு வீட்டுக்காரங்க ஒருத்தருக்கும் நான் நம்ம நோட்டீஸைக் கொடுக்கல."

வைத்த கையோடு மறுபடி அடித்தது.

"தோன்யா லியோனா, அல்மோந்தே பேசறேன். கடை வாசல்ல சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கு. கஸ்டமர் ஒருத்தர் காலை உள்ள விட்டுட்டார்."

"நீங்க யானையாச்சே? புட்சைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"ஓட்டுதான் யானைக்கு. போன் உங்களுக்கு."

"இருங்க, கோட்டைப் போட்டுக்கிட்டு வரேன்" என்றாள் லியோனா.