பனியன் துணியும் கீழ்வீட்டுத் தடியும்

டொக். டொக். டொக்.

தரைக்கு அடியிலிருந்து வந்தது சத்தம். அறுந்த நூலை ஊசிக் கண்ணில் கோத்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது. தையல் மெஷின் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே, கைத்தடியின் முனையால் கூரையில் மூன்று தட்டு. எண்ணி மூன்று.

"ஆரம்பிச்சுட்டார் தடிக்காரர்," என்று சுவரிடம் சொன்னாள். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை.

எழுந்து சமையலறைக்குப் போய், தாகமே இல்லாமல் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். கீழே சத்தம் அடங்கியது. தினமும் இப்படித்தான். அவர் தட்டுவார், இவள் எழுந்து நடப்பாள், அவர் ஓய்வார்.

கீழ்வீட்டுக்கு அவர் வந்து ஒரு மாதம் ஆகிறது. வந்த மறுநாளே வீட்டுக்காரம்மா படியேறி வந்து எச்சரித்துவிட்டுப் போயிருந்தாள். இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தின் சத்தம் அவளுக்கு முன்னால் வந்து சேரும்.

"இங்க பாரும்மா, போன தடவை கீழ இருந்தவங்க உன் மெஷின் சத்தத்தாலதான் காலி பண்ணாங்க. ஆறு மாசம் பூட்டிக் கிடந்துச்சு. இவரும் வந்து வாயைத் திறந்தார்னா, ஒண்ணு மெஷின் போகணும், இல்ல நீ போகணும்."

"மெதுவா தைக்கிறேன்க்கா."

"மெதுவா தைக்கிற மெஷினா அது? ரயில் மாதிரியில்ல ஓடுது. அவரே பாவம், நொந்து போய் வந்திருக்கார். அண்ணனும் தம்பியுமா ஒரே வீட்ல இருந்தவங்க. அண்ணன் பாத்ரூம்ல விழுந்து செத்துக் கிடந்தது, அடுத்த ரூம்ல இருந்த இவருக்கு மறுநாள் காலையிலதான் தெரியும். அதுலேர்ந்து மனுஷன் சரியா தூங்குறதில்லையாம்."

தூங்காத மனிதரின் தலைக்கு மேலே கால்மெஷின். மெஷின் போய்விட்டால் இந்த வீட்டில் சத்தம் போட என்ன இருக்கிறது? குழாய் சொட்டும். கடிகாரம் ஓடும். அவ்வளவுதான். முப்பது வருஷம் அந்த மெஷினில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தவள். கணவன் பெயிண்டர். "நீ மிதிக்கிறதை நிறுத்தினா எனக்கு முழிப்பு வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே அதன் பக்கத்தில் பாய் போட்டுத் தூங்குவான். எட்டு மாதத்துக்கு முன், ஒரு மத்தியானம், மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோதே தூக்கத்தில் போய்விட்டான். இவள் பாவாடைக்கு மடிப்பு வைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அவன் விட்டுப்போன சொத்து பதினாலு டீ-ஷர்ட். எல்லாம் பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் சும்மா கொடுத்தவை. நீலத்தில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, முதுகில் பெரிய எழுத்தில் 'பத்து வருஷ கேரண்டி' என்று போட்ட பச்சை ஒன்று. அந்தப் பச்சையைப் போட்டுக்கொண்டு, "எனக்கே கம்பெனி கேரண்டி கொடுத்திருக்குடி, பயப்படாதே" என்பான். கேரண்டியில் இன்னும் ஏழு வருஷம் பாக்கி இருந்தது.

"தூக்கிப் போடும்மா, பார்த்துப் பார்த்து அழறதுக்கா?" என்றாள் மகள் போனில். அவள் தூரத்து ஊரில் வேலை பார்க்கிறாள். வாரத்துக்கு ஒரு போன், பத்து நிமிஷம்.

"அழலைடி. வெட்டித் தைச்சு நானே போட்டுக்கப் போறேன். பச்சையையும் நீலத்தையும் சேர்த்தா முட்டிக்குக் கீழ வர்ற மாதிரி ஒரு அங்கி வரும்."

"பெயிண்ட் கடை விளம்பரம் மாதிரி நிப்பே."

"நிக்கிறேன். யார் பார்க்கப் போறா?"

ஆபீஸ் போன் வருகிறது என்று மகள் வைத்துவிட்டாள்.

வெட்டுவது சுலபமாக இருந்தது. தைப்பதுதான் பாடாய்ப் படுத்தியது. யூனிஃபார்ம் துணி சொன்ன பேச்சு கேட்கும். விளிம்பில் வைத்து மிதித்தால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே ஓட்டம். பனியன் துணி அப்படியில்லை. இழுத்தால் வரும், விட்டால் சுருளும். நாலு தையல் விழும், ஐந்தாவது விழாமல் தாண்டும். முதல் நாள் தைத்த கழுத்து, நனைந்த காகிதம் போல அலை அலையாய்த் தொங்கியது. முழுவதையும் பிரித்தாள். கடைக்குப் போய் முனை மழுங்கின பனியன் ஊசி வாங்கி வந்தாள். துணிக்கு அடியில் செய்தித்தாள் வைத்துத் தைத்து, பிறகு அதைக் கிழித்து எடுத்தாள். கழுத்துப் பட்டியைக் கழுத்தைவிடக் குறைவாக வெட்டி, பட்டியை மட்டும் லேசாக இழுத்துப் பிடித்துத் தைக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு சாண் மிதிப்பாள், நிறுத்துவாள், பார்ப்பாள், பிரிப்பாள்.

நிறுத்தியபோதெல்லாம் கீழிருந்து டொக், டொக், டொக்.

அவர் வந்த முதல் வாரம் அவள் பழைய போர்வையில் தலையணை உறை தைத்தாள். மணிக்கணக்கில் மிதித்தும் ஒரு தட்டுகூட இல்லை. பனியன் துணியைத் தொட்ட நாளிலிருந்துதான் இந்தத் தொல்லை. மெத்தென்ற துணிக்கு ஊசி ஓங்கிக் குத்துகிறது போல, அதனால் சத்தம் கூடுகிறது போல என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். இவள் நிறுத்திய பிறகு ஏன் தட்டுகிறார்? அதற்கும் பதில் வைத்திருந்தாள். பாவம், முழங்கால் வலிக்காரர். கோபம் வந்து, எழுந்து, தடியைத் தேடி எடுப்பதற்குள் இங்கே நின்றுபோகிறது.

வெட்டி மிஞ்சிய துணியெல்லாம் திணித்துத் தடிமனாக நாலு திண்டு செய்தாள். மெஷினின் கால்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக நுழைத்து வைத்து மிதித்துப் பார்த்தாள். ரயில் பூனையாகிவிட்டது. அவளுக்கே சத்தம் கேட்கவில்லை. இனி என்ன செய்வார் பார்ப்போம் என்று நினைத்தாள்.

அன்று பன்னிரண்டு தடவை தட்டினார்.

சாயங்காலம் குப்பை கொட்டப் போனபோது வீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, கூரை இடிஞ்சு விழுந்துடும் போல, என் வீடு வரைக்கும் கேட்குது. நாளைக்கு அவர்கிட்டயே கேட்டுடப் போறேன்."

"நாளையிலேர்ந்து தொடவே மாட்டேன்க்கா."

காலையில் எழுந்ததும் மெஷினைப் போர்வையால் மூடினாள். மூடிய பிறகு அதைப் பார்க்க முடியவில்லை. யாரையோ படுக்க வைத்து மூடியது போல இருந்தது. மெஷினுக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அங்கி முடிந்துவிட்டது, கீழ்மடிப்பு மட்டும் பாக்கி. அதைக் கையால் தைத்தால் ஆயிற்று. மேலே மாட்டிக்கொண்டு, ஓரத்தை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு தைத்தாள். துணி இழுபட்டாலும் நூல் அறாமல் இருக்க ஒவ்வொரு தையலையும் பின்னால் போட்டு முன்னால் எடுத்தாள். முதுகில் கேரண்டி எழுத்து. தோளில் அவன் வியர்வையின் வாசம் இருக்குமென்று முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசம்தான் இருந்தது. காலையிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. திறக்கக் காரணம் இல்லை.

மத்தியானம் டொக், டொக், டொக்.

அவளுக்குச் சுருக்கென்றது. "அதான் நிறுத்திட்டேனே, இன்னும் என்ன வேணுமாம்?" என்று முணுமுணுத்தாள். இந்தத் தடவை எழுந்து நடக்கவில்லை. வீம்புக்குக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுபடி தட்டினார். மூன்றோடு நிற்கவில்லை. ஆறு, ஏழு, எட்டு. எண்ணிக்கை தவறிப்போனது. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியைக் குத்தினாள்.

பிறகு நிசப்தம். அதன்பின் கீழே ஒரு கதவு படாரென்று திறந்தது. யாரையோ கூப்பிடும் குரல். மாடிப்படியில் தடி ஊன்றும் சத்தம், ஒவ்வொரு படியாக. அதன் பின்னால் சாவிக்கொத்தின் கலகல.

அவ்வளவுதான், மெஷினுக்கு நாள் குறித்துவிட்டார்கள். எழுந்து போர்வையின் மேல் ஒரு கணம் கை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த மனிதர். வேர்த்து வழிய, ஒரு கையில் தடி, மறு கை சுவரில். மூச்சு இரைத்தது. பேச வாயெடுத்தவர், அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த வீட்டுக்காரம்மா மாற்றுச் சாவியை விரலிடுக்கில் பிடித்திருந்தாள்.

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கே?" என்றாள் வீட்டுக்காரம்மா. "என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டார்."

அவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. மெஷினைக் காப்பாற்றும் அவசரம்.

"சார், சத்தியமா இன்னைக்கு நான் மெஷினைத் தொடவே இல்ல. வேணும்னா உள்ள வந்து பாருங்க, மூடி வச்சிருக்கேன். காலையிலேர்ந்து ஒரு சத்தம்கூட வரல சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அதனாலதான்மா ஓடி வந்தேன். மெஷின் ஓடுறப்ப நான் என்னைக்காவது தட்டியிருக்கேனா?"