ஒரே மணிக்கட்டு, எட்டுப் பெயர்கள்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் தங்கை வனிதா என்று சொல்லிவிடலாம். ஆனால் அவள் இதைப் படிப்பாள். ஆகவே உண்மையைச் சொல்கிறேன்: காரணம் நான் எழுதிய ஒரு வாக்கியம். நல்ல வாக்கியம். அதுதான் பிரச்சினை.

வனிதா மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பிக்கிறாள். மனித உடல்கள் பாடப்புத்தகம் சொல்வதுபோல் இருப்பதில்லை என்று நிரூபிப்பது அவளது ஆராய்ச்சி. (எங்கள் சித்தூர்ப் பக்கத்துக் கல்யாண வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே இது தெரிந்துவிடும். ஆனால் அதற்குப் பட்டம் தரமாட்டார்கள்.) மணிக்கட்டின் நடுவே ஓடும் மெல்லிய தசைநாண் ஒன்று சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. இல்லாததால் ஒரு நஷ்டமும் இல்லை. வண்டன்மேட்டு ஏலக்காய்த் தோட்டம் ஒன்றில் எத்தனை பேருக்கு அது இல்லை என்று பார்க்கக் கிளம்பினாள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதும் வேலை எனக்கு.

"அக்கா, கதையாட்ட எழுதிப்போடாத. உள்ளதை உள்ளபடிக்கு மாத்திக் குடு, போதும்."

"ஏன், கதையாட்ட இருந்தா உங்க டாக்டருங்களுக்குப் புரியாதாக்கும்?"

"படிக்கப்போறது டாக்டருங்க இல்லக்கா."

அவளுடைய மூலத்தில், தசைநாண் இல்லாதவர்களுக்கு வேறொரு நாளில் ஸ்கேன் எடுக்கப்படும் என்று இருந்தது. ஸ்கேன் என்ற சொல் என் நடைக்குள் சோற்றில் கல்லாகக் கடிபட்டது. எடுத்துவிட்டேன். "இல்லாதவர்கள் பின்னர் தனியே அழைக்கப்படுவார்கள்" என்று எழுதினேன். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஓசை எப்படி இருக்கிறது!

2

முதல் தொடக்கம்: போடிமெட்டில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது—

வேண்டாம். மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் பனியை இறக்கிவிட்டுத்தான் ஆட்களை இறக்குகிறார்கள். அன்று பளிச்சென்று வெயில்.

இரண்டாம் தொடக்கம்: ஃபார்மலின் வாடையடிக்கும் கூடத்தில், மேசைமேல் கிடந்த உடலின் வலது கை—

இதுவும் வேண்டாம். பிணத்தை வைத்துத் தொடங்கினால் ஆழமான எழுத்தாளர் என்று பெயர் கிடைக்கும். ஆனால் இந்தக் கதையில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். சிக்கலே அதுதான்.

மூன்றாம் தொடக்கம்: கணக்கெடுப்புக்கு முந்தைய மாலை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கற்பகம் படிவத்தைச் சத்தமாக வாசிக்கிறாள். பக்கத்து வீட்டுச் சாந்தம்மாள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். (நான் அங்கே இல்லை. இந்தப் பேச்சு என் ஊகம்.)

"தனியே அழைக்கப்படுவார்கள்னு போட்டிருக்குக்கா."

"தனியாக் கூப்புடுறதுன்னா என்னன்னு தெரியாதா ஒனக்கு? போன வருசம் ஆபீசுக்குத் தனியாக் கூப்புட்டாங்களே அஞ்சு பேரு, இப்ப எங்க இருக்காங்க? வேலையும் இல்லாம வீடும் இல்லாம போடியில."

"கட்டவிரலயும் சுண்டுவிரலயும் சேத்துவச்சு, கைய மடக்கணுமாம். மணிக்கட்டுல நரம்பு எந்திரிச்சு நிக்கணுமாம். எனக்கு நிக்கலயேக்கா! ரெண்டு கையிலயும் நிக்கலயே!"

"எனக்குப் பாரு, மாட்டுக் கயிறு மாதிரி நிக்குது."

"குடுத்து வச்சவ."

"அழாத. நாளைக்கு ஒம் பேர வாசிச்சா வாயப் பொத்திக்கிட்டு நில்லு. நான் போயி நீட்டிட்டு வாரேன். தலைத்துண்டக் கட்டிட்டா எல்லாரும் ஒண்ணுதான். அந்த டாக்டரம்மா கையப் பாக்குமா, மூஞ்சியப் பாக்குமா?"

"சூப்பர்வைசரு?"

"அந்தாளு போனத் தவிர எதப் பாத்திருக்காரு?"

* நீங்களும் இந்நேரம் கையை மடக்கிப் பார்த்திருப்பீர்கள். ஒன்றும் தெரியாவிட்டால் பதற வேண்டாம். உங்களை யாரும் எங்கும் கூப்பிடப்போவதில்லை.

3

இனி ஊகம் இல்லை. நான் வனிதாவின் பக்கத்தில் படிவக் கட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடுபட்ட தழும்பு ஒன்று, இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முதலில் சாந்தம்மாள் என்ற பெயரில் மேசைக்கு வந்தது. அரைமணி கழித்துக் கற்பகம் என்ற பெயரில் வந்தது. வரிசையில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் நிற்க, பின்னால் இருந்தவள் அவள் விலாவில் இடித்து, "ஏ கற்பகம், ஒங் கை ரொம்ப அழகா இருக்குடி" என்றாள். அப்படித்தான் அந்தப் பெயர் மட்டும் என் மனதில் நின்றது. அதன்பின் தழும்பு இன்னும் ஆறு முறை வந்தது. வனிதா ஒவ்வொரு முறையும் இரு கைகளிலும் உண்டு என்று குறித்துக்கொண்டாள். என் தங்கை உடற்கூறியலாளர். மணிக்கட்டைப் பார்க்கத் தொடங்கினால், அது யாரோடு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதில்லை.

நான் பார்த்தேன். சொல்லவில்லை. நான் எழுத்தாளர். கவனிப்பது மட்டும்தான் என் வேலை என்று ஒரு வசதியான கொள்கை வைத்திருக்கிறேன். அந்தத் தழும்பைப் பற்றி அன்று மூன்று வரி எழுதினேன். இன்று படித்தாலும் நன்றாக இருக்கிறது.

வனிதாவின் கட்டுரை வெளியாயிற்று. தொண்ணூற்றாறு பேரில் தசைநாண் இல்லாதவர்கள் வியக்கத்தக்க அளவில் குறைவு, கைவேலை செய்யும் மக்களிடம் இது ஆராயத்தக்கது என்று எழுதியிருந்தாள். கருத்தரங்கில் கைதட்டினார்களாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மனசு. என்றைக்காவது உதவும் என்று ஒவ்வொருத்தியின் மருத்துவ அட்டையிலும் முடிவைக் குறித்துக் கொடுத்திருந்தாள்.

4

இந்த வகைக் கட்டுரைகளின் கடைசியில் மருத்துவ முக்கியத்துவம் என்று ஒரு பகுதி வரும். இங்கேயும் வரட்டும்.

ஒன்றுக்கும் உதவாத அந்தத் தசைநாண், ஏதாவதொரு விரலின் நாண் அறுந்துபோனால் எடுத்து ஒட்டுப்போட உதவும். அதற்கு அடியிலேயே முக்கியமான நரம்பு ஓடுகிறது. நாண் இல்லாத கையில் நாண் என்று நினைத்து அந்த நரம்பையே எடுத்துவிட்டவர்கள் உண்டு. இதை வனிதா எனக்குச் சாப்பாட்டுப் பந்தியில் சொன்னாள்.

ஆகவே கதை: அரிவாள் பட்டு கற்பகத்தின் விரல்நாண் அறுந்துபோகிறது. வெட்டுப்பட்ட கை கட்டுக்குள் இருப்பதால் மடக்கிப் பார்க்க முடியாது. டாக்டர் ரமேஷ்குமார் அட்டையைப் பார்க்கிறார். இரு கைகளிலும் உண்டு. கத்தியை எடுக்கிறார். (நல்ல மருத்துவர் அட்டையை நம்பமாட்டார், தானே சோதிப்பார் என்பாள் வனிதா. சரிதான். நல்ல மருத்துவரை வைத்தால் எனக்குக் கதை இல்லை.) துணைக்கு வந்த சாந்தம்மாள் வெளியே பெஞ்சில். மணிக்கட்டிலிருந்து நாண் எடுக்கப்போகிறார்கள் என்று நர்ஸ் அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறாள்.

முடிவு அ: சாந்தம்மாள் கதவை உடைப்பதுபோல் தட்டி, "அது எங் கைய்யா!" என்று கத்துகிறாள். கைதட்டல். மறுநாள் ஆள்மாறாட்டத்துக்காக இருவருக்கும் வேலை போகிறது. கைதட்டியவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

முடிவு ஆ: ரமேஷ்குமார் கடைசி நொடியில் சந்தேகப்பட்டு நிறுத்துகிறார். காலிலிருந்து வேறு நாண் எடுக்கிறார். கை பிழைக்கிறது.

முடிவு இ: எடுத்துவிடுகிறார். ஏலக்காய் முற்றியதா என்று விரல்நுனிதான் சொல்லும். கற்பகத்தின் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இனி—

இதை முழுதாக எழுதினேன். மிக நன்றாக வந்தது. கூசிப்போய் அழித்துவிட்டேன். [ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.]

5

வனிதாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன்.

"அக்கா, ரமேஷ்குமாரு கதைதானே?"

"ஆமா."

"அந்தப் புள்ளைக்குக் கை வெட்டுப்பட்டது?"

"கதைதான்."

"தழும்பு?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அக்கா. தழும்பு?"

"நெசம்."

"எத்தன தடவை?"

"அவ பேருல ஒண்ணு. மத்தவங்க பேருல ஏழு."

அவள் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "என்ற பேப்பரு போனாப் போகுது. அந்த அட்டைய எவளாச்சும் ஆசுபத்திரில நீட்டுனா என்னக்கா ஆகும்? ஏழு பேரையும் சொல்லு. இப்பவே சொல்லு."

"கற்பகம்."

"அப்பறம்?"

தழும்பைப் பற்றி மூன்று வரி எழுதிய நான், வாசிக்கப்பட்ட மற்ற ஆறு பெயர்களைக் காதில் வாங்கியிருக்கவில்லை.

"ஏனக்கா, கதைக்கு ஒருத்தி போதும்னு உட்டுட்டயாக்கும்?"

கற்பகத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் 'ஆ' முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கை பத்திரம். மற்ற ஆறு பேருக்கும் எந்த முடிவும் எழுத முடியவில்லை. அவர்கள் யாரென்று தெரிந்தவள் சாந்தம்மாள் ஒருத்திதான். வாயைத் திறந்தால் எட்டுப் பேருக்கும் வேலை போகலாம். திறக்காவிட்டால் யாரோ ஒருத்திக்குக் கை போகலாம்.

நாளைக் காலை வனிதா வண்டன்மேட்டுக்குப் போகிறாள். நானும் வர வேண்டுமாம், பேனா இல்லாமல். படித்த பெண்கள் இருவர், லயத்து வாசலில் நின்று, உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று சத்தியம் செய்வோம். அதைக் காப்பாற்ற எங்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை.

நீங்கள் சாந்தம்மாளாக இருந்தால் சொல்வீர்களா?