இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது

படம் போட்ட அட்டைகளை அண்ணி இடது கையால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். கோப்பை, செருப்பு, குடை, பேருந்து எல்லாம் தரையில் சிதறின. பூனை அட்டை மட்டும் அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணுக்குக் கோபம் வரவில்லை. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியபடியே, வாசலில் நின்ற லென்ஸக்காவைப் பார்த்துச் சிரித்தாள்.

"கோவப்படறது நல்லதுதான்க்கா. எதுவும் வேணாம்னு சும்மா படுத்துட்டாதான் கஷ்டம். அவங்களுக்கு எல்லாம் புரியுது. வார்த்தைதான் வெளிய வர வழி தெரியாம நிக்குது. தினமும் எதையாவது அவங்களே தேர்ந்தெடுக்கணும். இதுவா அதுவான்னு கேட்டுக்கிட்டே இருங்க."

"பதினெட்டு வருஷம் பஸ் ஸ்டாண்டு விசாரணை ஜன்னல்ல உக்காந்து ஊருக்கே பதில் சொன்னவங்க. அவங்ககிட்ட பூனைப் படத்தக் காட்டினா கோவம் வராதா?" என்றாள் லென்ஸக்கா.

சொன்ன பிறகுதான், அண்ணிக்குப் பரிந்து தான் பேசியது இதுவே முதல் தடவை என்று அவளுக்கு உறைத்தது. கட்டிலில் சாய்ந்திருந்த அண்ணியும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

லென்ஸக்கா என்பது கடையில் வைத்த பெயர். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், வாடிக்கையாளரின் கண்மணிக்கு நேராக லென்ஸில் மைப்புள்ளி வைத்து, ஃப்ரேமின் அளவுக்கு அரைத்து, விளிம்பு தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. கல்யாணமாகிப் பதினோரு மாதத்தில் ஒரு சூட்கேஸோடு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள், பத்தொன்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறாள். முதல் வருஷத்திலேயே ஒருநாள், தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடவில்லை என்ற சின்ன விஷயத்தில், "இது ஒண்ணும் சத்திரம் இல்ல" என்று அண்ணி சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தை முள்ளாகத் தங்கிவிட்டது. பிறகு இரண்டு பேருக்கும் தனித்தனி சோப்பு, தனித்தனி துண்டுக் கொடி, ஃப்ரிட்ஜில் தனித்தனித் தட்டு. கடைசி எட்டு வருஷமாக நேர்ப் பேச்சே இல்லை. "உங்க அத்தைகிட்ட சொல்லு", "உங்க அம்மாகிட்ட கேளு" என்று அண்ணன் மகள்தான் நடுவில் தபால் பெட்டியாக இருந்தாள். அவளும் படிக்க வெளியூர் போன பிறகு வீடு சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில், பாத்திரம் கழுவும் இடத்தை அண்ணி எப்போது விடுவாள் என்று லென்ஸக்கா காத்துக்கொண்டு நின்றாள். அண்ணி எதற்கோ திரும்பினாள். அரை நொடிதான். அந்த முகத்தில் இடமும் வலமும் ஒரே மட்டத்தில் இல்லை. வாயின் வலது ஓரம் மூன்று மில்லிமீட்டர் கீழே இருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் தூக்கக் கலக்கம் என்று விட்டிருப்பார்கள். நாளெல்லாம் முகங்களில் மட்டம் பார்க்கிற கண்ணுக்கு அப்படி விட முடியவில்லை. எட்டு வருஷப் பேசாமை அந்த நிமிஷமே போன இடம் தெரியவில்லை. "அண்ணி, கையத் தூக்குங்க. ரெண்டு கையும்!" என்று கத்தினாள். இடது கைதான் வந்தது. தட்டு கீழே விழுவதற்குள் அவள் ஆம்புலன்ஸுக்கு எண் அழுத்தியிருந்தாள்.

"யாரு கவனிச்சது?" என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா உயிரே கேள்விக்குறி." அண்ணன் அழுதுகொண்டே தங்கையைக் கைகாட்டினார். அண்ணி அப்போது கண்ணை மூடித்தான் படுத்திருந்தாள்.

உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் தங்கவில்லை. ஏசி மெக்கானிக்கான அண்ணன் பகலில் வீட்டில் இருந்துவிட்டு, நாலு மணிக்குமேல் வேலைக்குப் போக ஏற்பாடாயிற்று. நாலு மணிக்கே விட்டுவிடும்படி கடை முதலாளியிடம் லென்ஸக்கா தயங்கித் தயங்கிக் கேட்டபோது, "போம்மா, லென்ஸுக்கு என்ன காலா இருக்கு, ஓடிடறதுக்கு?" என்று அவர் கையை வீசினார். எத்தனையோ நாள் கஞ்சன் என்று திட்டியிருக்கிறாள் அவரை. அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதற்காக மனசுக்குள் மன்னிப்புக் கேட்டாள்.

அட்டைகள் சிதறிய அன்று மாலை அண்ணன் மகள் ஃபோனில் கூப்பிட்டாள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "அத்த, என் ரூம் கம்ப்யூட்டர்ல அந்த சூப்பர்ஹீரோ கேம் இருக்குல்ல, அதத் திறந்து அம்மாவுக்குக் காட்டுங்க. வெளையாட வேணாம். புது ஹீரோ உருவாக்கற பக்கத்துக்கு மட்டும் போங்க. தலையிலேர்ந்து கால்வரைக்கும் எல்லாமே நம்ம தேர்ந்தெடுக்கணும். மூக்கு மட்டுமே நாப்பது இருக்கு" என்றாள்.

"உங்க அம்மாவா? சூப்பர்ஹீரோவா?"

"ஏன், நம்ம வீட்ல இவ்ளோ நாளா வில்லியாத்தானே இருந்தாங்க, உங்க கணக்குல?"

லென்ஸக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அண்ணியின் வயிறும் லேசாகக் குலுங்கிற்று.

மறுநாள் சாய்வு நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன்னால் இழுத்துப்போட்டார்கள். திரையில் ஒரு வெற்று உருவம் கையை விரித்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. முதலில் உயரம். வானளாவ நிற்கும் ராட்சசி, நெடுநெடு அழகி, குட்டை. அண்ணியின் இடது விரல் குட்டைக்குப் போயிற்று. "இருக்கறதுலயே குட்டையா? ஓடற பஸ்ஸத் தடுத்து நிறுத்த வேணாமா?" என்றாள் லென்ஸக்கா. "ம்ஹூம்" என்று தலை ஆடியது. அந்த ஒரு ஒலிதான் அப்போது அண்ணியிடம் இருந்த மொத்தப் பேச்சு. வேண்டாம் என்றால் தலையாட்டலோடு ம்ஹூம், வேண்டும் என்றால் அதே ம்ஹூம் கொஞ்சம் மேலே ஏறி ஒலிக்கும்.

உடம்புக்கு ஒரு நாள் ஆயிற்று. முகவாய்க்கு இரண்டு நாள். மூக்கு நாற்பதையும் பார்த்துவிட்டு, பதினேழாவதுக்குத் திரும்பிப் போய், அதைக் கொஞ்சம் அகலப்படுத்தி, மறுநாள் மறுபடி குறுக்கச் சொன்னாள் அண்ணி. கல்யாணப் புடவையைக்கூட இவ்வளவு புரட்டிப் பார்த்திருக்க மாட்டாள். பளபளக்கும் முகமூடிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு மூக்குக் கண்ணாடி மாட்டினாள். முடியை இழுத்து இறுக்கமாக ஒரு கொண்டை. உடைப் பகுதியில் காற்றில் பறக்கும் மேலங்கிகள் அறுபது இருந்தன, ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் முட்டிவரை வரும் சாம்பல் நிறக் கோட்டு, அதில் நாலு பாக்கெட்டு.

"ஊரக் காப்பாத்தப் போறவளுக்கு எதுக்கு அண்ணி நாலு பாக்கெட்டு? பஸ் டிக்கெட் வெச்சுக்கவா?"

அண்ணி அவள் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அண்ணி அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். வலிக்கவில்லை. அடுப்படியில் டீ போடப் போனபோதும் அந்த இடம் கதகதவென்று இருந்தது.

சக்தியைத் தேர்ந்தெடுக்க நாலு நாள். நெருப்பு வேண்டாம், மின்னல் வேண்டாம், பனி வேண்டாம். பட்டியலில் யாரும் சீண்டாத ஒரு மூலையில் 'ஊடுருவும் பார்வை' என்று ஒன்று இருந்தது. சுவருக்குப் பின்னால் யார் ஆபத்தில் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரியும். எதிரியை அடிக்க அது உதவாது. அண்ணி அதன்மேல் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் டீ டம்ளரோடு அறைக்குள் வந்தார். திரையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஏம்மா, இவ்ளோ நாளா உக்காந்து உன்னையேவா செஞ்சு வெச்சிருக்க?"

"நான் எங்கண்ணா செஞ்சேன்? எல்லாம் அண்ணி சொன்னதுதான். நான் வெறும் மவுஸ நகத்தினேன்."

சொல்லிவிட்டுத்தான் அவளும் பார்த்தாள். திரையில் ஒரு குட்டைப் பெண் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கடையில் தான் மாட்டும் சாம்பல் கோட்டு. பாக்கெட்டுகள் உட்பட. ஒரு பக்கமாகச் சரியும் கொண்டை. நடுவில் சற்றே புடைத்த மூக்கு. ஊரார் மூக்கையெல்லாம் அளந்து கொடுத்தவளுக்குத் தன் மூக்கு பக்கவாட்டில் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. தெரிந்து வைத்திருந்தது இன்னொருத்தி. முகம் கொடுத்துப் பேசாத எட்டு வருஷமும் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

லென்ஸக்கா எழுந்து அடுப்படிக்குப் போய், கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். இன்னொரு டம்ளரையும் கழுவினாள். நன்றி என்ற சொல்லை இந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் வெளியாள் பேச்சு மாதிரி இருக்கும். முகத்தைத் துண்டில் அழுத்தித் துடைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"பேர் வைக்கணும் அண்ணி. அத நீங்களேதான் அடிக்கணும்."

விசைப்பலகையை மடிப் பக்கம் நகர்த்திக் கொடுத்தாள். அண்ணிக்கு எழுத்தும் பேச்சைப் போலவே தடுமாறும். ஒரு எழுத்தைத் தேட ஒரு நிமிஷம். தப்பாக விழுந்தால் அழிக்க இன்னொரு நிமிஷம். 'நாதா' என்று வந்தது. அழித்தாள். 'நாத்தா' என்று வந்தது. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தங்கை கையைக் காட்டி நிறுத்தினாள். கால் மணி நேரத்தில் பெட்டிக்குள் 'நாத்தனார்' என்று முழுசாக நின்றது. அண்ணி வேர்த்துப்போயிருந்தாள். சுண்டுவிரலால் என்டரைத் தட்டினாள்.

'இந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. வேறு பெயர் தேர்வு செய்யவும்.'

உலகத்தில் எங்கோ ஓர் ஊரில், வேறொரு நாத்தனார் ஏற்கெனவே பறந்து பறந்து அடித்துக்கொண்டிருக்கிறாள்! முதலில் வெடித்தது அண்ணிதான். ஒரு பக்கமாகக் கோணிய வாயோடு, மூச்சு முட்ட, குரலெடுத்துச் சிரித்தாள். இத்தனை நாளாக அந்தத் தொண்டைக்குள் எங்கே கிடந்தது அந்தக் குரல் என்று அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"பின்னாடி ஒரு ரெண்டு போட்டுக்கலாம் அண்ணி. நாத்தனார் ரெண்டுன்னு."

"ம்ஹூம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணி மறுபடி குனிந்தாள். பெயருக்கு முன்னால் போய் நின்று, இரண்டே எழுத்துத் தேடிப் பிடித்தாள். 'என் நாத்தனார்.'

அது யாரும் எடுக்காத பெயராக இருந்தது.

உருவாக்குவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பேச்சு. யார் நிறுத்தினார்கள்? அண்ணி இடது கையால் மவுஸைப் பிடித்து நடத்துவாள். லென்ஸக்கா விசைகளை அழுத்துவாள். ஒருத்தியின் உருவத்தை இன்னொருத்தி நடத்திப்போனால் எப்படி இருக்கும்? சுவரில் முட்டினார்கள். ஆற்றில் விழுந்தார்கள். காப்பாற்ற வேண்டிய கிழவரை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். தனியாகச் செய்ய முடியாத வேலைகளுக்கு முன்பின் தெரியாத ஆட்களோடு குழுவில் சேர வேண்டும். முதல் இரண்டு குழுக்கள் ஐந்தே நிமிஷத்தில் அவர்களை வெளியே தள்ளிவிட்டன. அண்ணியின் முகம் சுண்டிப்போவதை லென்ஸக்காவால் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது குழுவில் நாலு பேர். தலைவர் பெயர் 'பூகம்பம்'. சேர்ந்ததும் லென்ஸக்கா முந்திக்கொண்டு எழுதினாள்: "நாங்க ரெண்டு பேர் சேந்து ஆடறோம். ஒருத்தருக்குக் கை இப்பதான் பழகுது. மெதுவாதான் வருவோம். சரிப்படலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

பிறகு பூகம்பம் எழுதினார்: "நாத்தனார விட்டுட்டுப் போற தைரியம் எங்க யாருக்கும் இல்ல. மெதுவா வாங்க."

நாலு பேரும் பாலத்தின் மேல் நின்றார்கள். சும்மா நிற்கவில்லை. நெருப்புத் தலைக்காரர் ஒருவர் நடனம் ஆடினார். இன்னொருவர் உட்கார்ந்துகொண்டார். அண்ணி தட்டுத் தடுமாறிப் படியேறி வந்து சேர ஏழு நிமிஷம். யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர்கள் யார், எந்த ஊர், என்ன வேலை என்று எதுவும் தெரியாது. அடுத்த நாளும் ஐந்தரைக்கு அதே பாலத்தில் நின்றார்கள். அதற்கடுத்த நாளும்.

ஒரு மாலை, பற்றியெரியும் ஒரு கட்டடத்துக்குள் போனார்கள். புகையில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அண்ணிக்கு மட்டும் சுவர்களுக்குப் பின்னால் சின்னச் சின்னப் பச்சை உருவங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். மற்றவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நேரம் குறைந்துகொண்டே வந்தது. எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்று பூகம்பம் எழுதியபோது, அண்ணி நாற்காலியில் துள்ளினாள். மவுஸ் கையிலிருந்து நழுவியது. லென்ஸக்கா திரையெல்லாம் தேடினாள்.

"மே..." என்றாள் அண்ணி. கழுத்து நரம்பு புடைத்தது. "மே...ல. மேல!"

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. லென்ஸக்கா எழுதவும் பூகம்பம் தாவவும் சரியாக இருந்தது. அதை அள்ளிக்கொண்டு அவர் கீழே குதித்த பிறகுதான், தன் காதில் விழுந்தது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. திரும்பினாள். அண்ணியும் பயந்தவள் போல, தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணி."

வரவில்லை. எவ்வளவு முயன்றும் அன்று அது மறுபடி வரவில்லை. வரும், வராமலும் போகலாம் என்றாள் பயிற்சிக்காரப் பெண் அடுத்த நாள். யாராலும் உறுதி சொல்ல முடியாதாம்.

பத்தாவது நிலையில் பறக்கக் கற்றுத்தருகிறார்கள் அந்த விளையாட்டில். அதை எட்டிய நாளில் வெளியே இன்னும் வெயில் இருந்தது. உயரமான ஒரு கட்டடத்தின் விளிம்பில் சாம்பல் கோட்டுப் பெண் நின்றாள். நாலு பேரும் முன்னாலேயே வானில் மிதந்துகொண்டு காத்திருந்தார்கள். "நான் ஒண்ணும் தொட மாட்டேன் அண்ணி, இது உங்க பாடு" என்று லென்ஸக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணி அவள் கையை இழுத்து, மவுஸின் மேல் தன் இடது கைக்கு மேலே வைத்தாள்.

குதித்ததும் கொஞ்ச தூரம் விழுந்தார்கள். பிறகு எழும்பினார்கள். இரண்டு கைகளும் ஒரே பக்கம் இழுத்ததில் நேராகப் பறக்க வரவில்லை. உருவம் இடப்பக்கமாகச் சாய்ந்து, ஒரு விளம்பரப் பலகையை உரசி, கூரைகளுக்கு மேலே தள்ளாடித் தள்ளாடிப் போயிற்று. கொண்டை காற்றில் அசைந்தது. பூகம்பம் பக்கத்தில் வந்தார். வேகத்தைக் குறைத்தார். பிறகு அவரும் இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துகொண்டார். அவரைப் பார்த்து நெருப்புத் தலைக்காரர் சாய்ந்தார், பின்னால் வந்த இரண்டு பேரும் சாய்ந்தார்கள். ஐந்து பேரும் ஒரே கோணத்தில், அவசரமே இல்லாமல், அந்தப் பெரிய நகரத்தின் மேல் போய்க்கொண்டிருந்தார்கள்.