கிணற்றடிக்குக் குடிவந்த பூமியதிர்ச்சி

சுமாத்திராவுக்கு மேற்கே கடலுக்கடியில் நடந்த பூமியதிர்ச்சியின் மையம், அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் வீடு திரும்பும் நேரத்தில், புத்தளம் கடற்களப்போரத்தில் செய்னுலாப்தீனின் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது. ஊரில் வேறு வீடுகள் இல்லாமலில்லை. ஆனால் சுனாமி எச்சரிக்கை வந்த அன்று ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு கடலுக்கு எட்டாத வண்ணாத்திவில்லுப் பக்கம் ஓடிவிட, செய்னுலாப்தீன் மட்டும், "தொண்ணூறுல மன்னாரிலேந்து ஓடினது காணும். தண்ணிக்கு நான் வேணுமெண்டா அது வந்து பாக்கட்டும்" என்று வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மனைவியும் மகள் றிஸ்லாவும் அவரைத் திட்டித் திட்டியே ஓட மறந்தார்கள். அன்று திறந்து கிடந்த ஒரே வீடு அதுதான்.

கிணற்றுக் கட்டருகே ஒரு பாயளவு நிலம் மட்டும் நடுங்குவதைக் கண்ட செய்னுலாப்தீன், தூரத்திலிருந்து வந்த யாரோ குளிரில் நடுங்குவதாக நினைத்துவிட்டார். கண் பார்வை மட்டு, மனசு அப்படியில்லை. அகதியாக வந்திறங்கிய அன்று புத்தளத்து ஆட்கள் தனக்குச் செய்ததையே அவரும் செய்தார். பாய் விரித்தார், தேத்தண்ணி வைத்தார், "ஒங்கட ஊடு மாதிரி நெனச்சிக்கங்க" என்றார். விருந்தாளியிடம் எல்லோரும் சொல்வதுதான். விருந்தாளியும் இரண்டு நாள் இருந்துவிட்டுத் தானாக எழும்பிப் போவார். பூமியதிர்ச்சிக்கு அந்த நாசூக்கு தெரியாது. சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டு தங்கிவிட்டது.

கொழும்பிலிருந்து கருவியோடு வந்த ஓர் அதிகாரி, கடலில் காணாமற்போன மையம் இதுதான் என்று உறுதிசெய்தார். திருப்பி அனுப்ப வழியில்லை என்றும் சொல்லி, கொஞ்சம் முட்டை வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கிணற்றடிக் கோழிகளின் முட்டை ஓட்டுக்குள்ளேயே நன்றாக அடிபட்டு வந்ததால் ஊரில் நல்ல கிராக்கி. மற்றபடி அந்த வீட்டில் எல்லாம் கடலில் நடப்பதுபோலவே நடந்தது, அளவுதான் சிறியது. மையம் சற்றுப் பலமாகக் குலுங்கினால், முதலில் கோப்பையில் தேத்தண்ணி அடி தெரியப் பின்வாங்கும், பிறகு பொங்கி விளிம்பைத் தாண்டி வரும். பின்வாங்கியதைக் கண்டதும் வீட்டார் காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு கதையைத் தொடர்வார்கள். சட்டியில் ஆணம் பின்வாங்கும்போது மீன்கள் வெறும் சட்டியில் கிடக்கும். வீட்டுப் பூனை ஒருதரம் அதற்கு ஆசைப்பட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டது.

சிக்கல் றிஸ்லாவின் கலியாணத்தில் வந்தது. முந்தலில் இறால் பண்ணையில் வேலை செய்யும் ஹுனைஸுக்கும் அவளுக்கும் பேசி முடிந்திருந்தது. இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவர் உயிர். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவரவேண்டும். ஹுனைஸின் உம்மா ஸுலைஹா கணவனை இழந்தவர், ஒற்றைப் பிள்ளைக்காரி. "நடுங்குற ஊட்டுக்கு என்ட புள்ளய குடுக்கேலா. அது போகட்டும், பொறகு நிகாஹ் கதைப்பம்" என்று ஒரே பிடியாக நின்றார். போகச் சொல்வதற்காகச் செய்னுலாப்தீன் எத்தனையோ தடவை கிணற்றடிக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் தேத்தண்ணி வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"அதே சொல்லக் கேட்டுத்தான் நானும் இந்த ஊருல இரிக்கிறன் மகள். அத எந்த வாயால எழும்பச் சொல்றது?"

றிஸ்லா அழுதாள், வாப்பாவோடு கதைப்பதை நிறுத்தினாள், ஆனால் அவளும் கிணற்றடிக்குப் போய் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. இரண்டு வருஷத்து நோன்பு கழிந்தது. முந்தலில் ஹுனைஸுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தது.

அந்த மாரியில் தூரக்கடல் மறுபடி குலுங்கியது. வானொலியில் எச்சரிக்கை வந்ததும் கரையோரமெல்லாம் கிளம்பிவிட்டது. ஹுனைஸ் உம்மாவைத் திரீவீலில் ஏற்றி, உம்மா நகைப்பெட்டியை மடியில் ஏற்றி, வண்ணாத்திவில்லு வீதியில் பறந்தார்கள். திரீவீல் செய்னுலாப்தீனின் வாசலுக்கு நேரே நின்றுபோனது. ஹுனைஸ்தான் நிறுத்தினான் என்பவர்களும் உண்டு. றிஸ்லா கோப்பையோடு வீதிக்கு வந்தாள்.

"எறங்குங்க மாமி. தேத்தண்ணி பின்னுக்குப் போனா நானே ஒங்களத் தூக்கிட்டு ஓடுறன்."

ஸுலைஹா கதிரை நுனியில் உட்கார்ந்து, காலை முன்கூட்டியே தூக்கி வைத்துக்கொண்டு, கோப்பையை முறைத்துப் பார்த்தார். தேத்தண்ணி அசையவில்லை. கிணற்றடியிலிருந்த மையம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் ஊர்க் கடலைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த சனமும் ஒவ்வொன்றாக நின்று கோப்பையை எட்டிப் பார்த்தது. ஆபத்தில்லை என்று வானொலி சொன்னபோது ஸுலைஹா இரண்டாம் கோப்பையில் இருந்தார்.

"இத எங்கயும் அனுப்பிப்போடாதீங்க" என்றார் அவர். "நிகாஹ் எப்ப வைப்பம்?"

சந்தோஷத்தில் தலைகால் புரியாத செய்னுலாப்தீன், பழக்கதோஷத்தில், "ஒங்கட ஊடு மாதிரி நெனச்சிக்கங்க மதினி" என்றார். மனைவி நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

இப்போது எச்சரிக்கை வந்தால் எங்கள் ஊரில் யாரும் ஓடுவதில்லை. செய்னுலாப்தீன் வீட்டுக்குப் போய்க் கோப்பையைப் பார்த்துவிட்டு வருகிறோம். கலியாணத்துக்கு மறுநாள் ஹுனைஸ் ஒரு பையோடு குடிவந்தான். பின்னாலேயே ஒரு லொறியில் ஸுலைஹா வந்தார், அலுமாரி, கட்டில், ஆடுகள் சகிதம். கிணற்றடியில் மையம் தன் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, ஆடு கட்ட இடம் கொடுத்தது.