ராஜாவுக்கு வராத வரி

நாடகக் குழுவில் அவளைக் கிசுகிசு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். திரை ஓரத்தில் முக்காலி போட்டு, மடியில் பிரதியோடு உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பது அவள் வேலை. நடிகர் சுண்டுவிரலை மடக்கினால்தான் வாயைத் திறக்கலாம். மற்றபடி ஊர்வம்பு தானாகவே அவள் காதுக்கு வந்துசேரும். வராவிட்டால் தேடிப் போவாள்.

அவளைக் குடைந்த கேள்வி இதுதான். இந்த நாடகத்தில், போரில் மகனைப் பறிகொடுத்த ராஜா, சேதியை ராணியிடம் மறைத்துவிட்டுத் தன் தலைநகருக்கே தீ வைக்கிறான். துக்கம் சரி, ஊர் என்ன பாவம் செய்தது? அதைவிட விசித்திரம், ராஜா வேடக்காரர். மற்ற வசனமெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கடைசிக் காட்சியில் ராணியிடம் "நம் பிள்ளை இறந்துவிட்டான்" என்னும் வரியில் மட்டும் தினமும் ஒத்திகையில் விரலை மடக்குவார். அவள் சொன்னதும் சொல்லிவிடுவார். அரங்கேற்றத்திலும் நின்றால் வேடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று இயக்குநர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அரங்கேற்றத்தன்று ஒப்பனை அறையில் அவள் கேட்டேவிட்டாள். "அண்ணே, மூணே வார்த்தை. அதுல என்ன தடங்கல்?"

அவர் மீசையை ஒட்டிக்கொண்டே சொன்னார். "போன மாசம் ஆஸ்பத்திரில பையன் போனப்ப, அவன் அம்மா வீட்டுல இருந்தா. நான் போனை மச்சான்கிட்ட குடுத்துட்டேன். அவர்தான் சொன்னார். இன்னும் என் வாயால அவகிட்ட சொல்லல. கைக்குக் கிடைச்ச சாமானையெல்லாம் போட்டு உடைச்சிட்டிருக்கேன், அவ்வளவுதான். இன்னைக்கு அவ வர்றா. மூணாவது வரிசை."

பிள்ளை போனது குழுவுக்கே தெரியும். இது யாருக்கும் தெரியாது. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. சுண்டுவிரல் மடங்கியது. அவள் வாயைத் திறந்தாள், பிறகு பிரதியை மூடிவிட்டாள். அவர் வேடம் போனால், அடியெடுத்துக் கொடுக்காத தன் வேலையும் போகும். ஆனால் இன்றும் நான் சொன்னால் இவர் என்றைக்குமே சொல்லமாட்டார் என்று நினைத்தாள். விரல் மறுபடி மடங்கியது. எதிர்ப்பக்கம் இயக்குநர் பல்லைக் கடித்தார்.

ராஜா மெல்ல மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பினார்.

"நம்ம பிள்ளை செத்துட்டான்டி."

மூன்றாவது வரிசையிலிருந்து வீட்டில் பேசுகிற அளவுக்கு ஒரு பெண்குரல் கேட்டது.

"ம். இங்க வாங்க."

ராஜா கிரீடத்தோடு படியிறங்கிப் போனார். கிசுகிசு அக்கா அடுத்து என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்காமல் திரைக் கயிற்றை இழுத்தாள்.